208 பேர் 53 ஆன கதை: ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் கணக்கு

விவசாயத்தை நம்பி இருப்போரின் எண்ணிக்கை குறையக் குறைய நாடு முன்னேறும் என்று சொல்பவர்கள் எல்லா தேசத்திலும் உண்டு. புள்ளிவிவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசும்போது, இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர் தாம் ஏதோ நாட்டுக்கு இடைஞ்சலாக இருப்பதாக எண்ணிக் கூனிக் குறுக வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசுவோர் உதாரணம் காட்டத் தோதான ஊர் ஒன்று பிரான்சு தேசத்தின் தென்மேற்கே இருக்கிறது. அதன் பெயர் துவெல். அந்த ஊரின் கணக்கை விவசாயியின் கண்கொண்டு ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

ழான் ஃபுராஸ்தியே என்ற பிரெஞ்சுப் பொருளாதார நிபுணர் 1979-ஆம் ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகப் போர் முடிந்த பிறகு, 1946 முதல் 1975 வரை பிரான்சு கண்ட வளர்ச்சியைப் பற்றிய புத்தகம் அது. அந்த முப்பது ஆண்டுகளுக்கு அவர் இட்ட பெயர் இன்றும் அந்த நாட்டில் வழக்கில் இருக்கிறது. "மகோன்னதமான முப்பது" என்று அதைத் தமிழில் சொல்லலாம். புத்தகத்தின் தொடக்கத்திலேயே அவர் இரண்டு கிராமங்களை வாசகர் முன் வைக்கிறார். ஒன்று மதேர், மற்றொன்று செசாக்.

மதேரில் 534 பேர். அவர்களில் வேலை செய்வோர் 279. இந்த 279 பேரில் 208 பேர் விவசாயிகள். மொத்தம் 163 வீடுகள். வீட்டுக்குள் கழிப்பறை உள்ள வீடுகள் 10. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. ஊர் முழுவதற்கும் 5 மோட்டார் கார்கள், 2 டிராக்டர்கள்.

செசாக்கில் 670 பேர். வேலை செய்வோர் 215. அவர்களில் விவசாயிகள் 53 பேர்தான். 102 பேர் அலுவலகம், கடை, பள்ளிக்கூடம், போக்குவரத்து போன்ற வேலைகளில் இருப்பவர்கள். வீடுகள் 212. அவற்றில் 150 வீடுகளில் உள்ளேயே கழிப்பறை. துவைக்கும் இயந்திரம் 180. கார்கள் 280. டிராக்டர்கள் 40.

படிப்பவர் என்ன நினைப்பார்? ஒன்று ஏதோ ஏழை நாட்டுப் பட்டிக்காடு, மற்றொன்று பணக்கார தேசத்து ஊர் என்றுதான் நினைப்பார். அப்படி நினைக்க விட்டுவிட்டுப் பிறகுதான் ஃபுராஸ்தியே விஷயத்தை உடைக்கிறார். இரண்டும் ஒரே ஊர். மதேர் என்பது 1946-ஆம் ஆண்டுத் துவெல். செசாக் என்பது 1975-ஆம் ஆண்டுத் துவெல். நடுவே கடந்தது முப்பது ஆண்டுகளுக்கும் குறைவு. சிறு வயது முதல் அவர் விடுமுறைகளைக் கழித்த ஊர் அது. 1990-இல் அவர் காலமானதும் அங்கேதான். கண்ணால் கண்டு பழகிய ஊரைப் பற்றித்தான் எழுதினார்.

ஆற்றங்கரை ஊர்

லோத் என்னும் ஆற்றின் கரையில் துவெல் இருக்கிறது. காவோர் என்ற பட்டணம் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் அரை நாள் மாட்டு வண்டிப் பயணத்துக்குள் வந்துவிடும். இந்த ஆறு நேராக ஓடுவதே இல்லை. பாம்பு போல் வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் செங்குத்தான பாறையையும் மறுபக்கம் வண்டல் படிந்த நிலத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. வண்டலை ஒட்டி மேட்டு நிலம், அதற்கு மேல் சரிவு, சரிவுக்கும் மேலே சுண்ணாம்புக் கல் பீடபூமி. பீடபூமியில் மண் ஒரு சாண்தான். மழை பெய்தால் நீர் நிற்காமல் கல்லின் சந்து வழியே இறங்கிவிடும். அங்கே குட்டையான ஓக் மரமும் முட்புதரும்தான் வளரும். ஆடு மேய்க்கலாம், வேறு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மூன்று வகை நிலத்தையும் அந்நாளைய குடியானவர்கள் விட்டுவைக்கவில்லை. பள்ளத்தில் கோதுமையும் புகையிலையும், மேட்டிலும் சரிவிலும் திராட்சை, ஓரங்களில் அக்ரூட் மரம், பீடபூமியில் செம்மறி ஆடு. சரிவுகளில் மண் ஓடாமல் இருக்கக் காரை பூசாத கற்சுவர்களை அடுக்கடுக்காக எழுப்பினார்கள். வயலில் பொறுக்கிய கல்தான் சுவராயிற்று. நிலமும் சுத்தமாயிற்று, மண்ணும் நின்றது. மிஞ்சிய கல்லைக் கொண்டு வயல் நடுவே மழைக்கு ஒதுங்கக் குவிந்த கூரை வைத்த சிறு குடிசைகள் கட்டினார்கள். அவை இன்றும் அங்கங்கே நிற்கின்றன.

வீடுகளும் வேலைக்குத் தகுந்தபடிதான். கீழ்த்தளம் முழுவதும் திராட்சை ரசப் பீப்பாய்களும் பண்ட பாத்திரங்களும். வெளிப்புறக் கற்படி ஏறினால் கூரை போட்ட திண்ணை. அதைத் தாண்டி மேலேதான் குடும்பம். வசதி உள்ள வீடுகளுக்குப் பக்கத்தில் புறாக்களுக்கென்று ஒரு கோபுரம் இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை அழகுக்காகக் கட்டியது என்று நினைத்துப் படம் பிடிப்பார்கள். உண்மையில் அது உரத் தொட்டி. புறா எச்சத்துக்கு நிகரான உரம் அந்தக் காலத்தில் அங்கே இல்லை. திராட்சைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் அதைத்தான் பொன்போல் எடுத்து வைத்துப் போடுவார்கள். பாகப் பிரிவினையின்போது நிலத்தையும் வீட்டையும் பிரிப்பது போலவே புறா எச்சத்தையும் கணக்கில் கொண்டுவந்தார்கள் என்றால் அதன் மதிப்பு விளங்கும்.

துவெல் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பீப்பாய்ப் பலகை என்று பொருள். பெயரும் தொழிலும் பொருந்திவிட்டன. இந்த ஊரிலிருந்து தட்டையான படகுகளில் திராட்சை ரசப் பீப்பாய்களை ஏற்றி ஆற்றோடு போர்தோ துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் போர்தோ வியாபாரிகள் லேசுப்பட்டவர்கள் அல்லர். தங்கள் பகுதி ரசம் விற்றுத் தீரும்வரை மேல்நாட்டு ரசம் சந்தைக்கு வரக் கூடாது என்று அரசரிடமிருந்து உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். காவோர்ப் பக்கத்துச் சரக்கு கிறிஸ்துமஸ் கழியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் வெளிநாட்டுக் கப்பல்களில் பெரும்பாலானவை சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கும். இந்த அநியாயம் 1776-ஆம் ஆண்டில்தான் சட்டத்தின் மூலம் ஒழிந்தது. விளைவித்தவன் கையில் சரக்கு இருந்தும் சந்தை வேறொருவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அப்போதே அறிந்திருந்தது.

பிறகு ரயில் வந்து படகுத் தொழிலைத் தின்றது. 1870-களில் திராட்சை வேரில் பிலாக்சரா என்ற பூச்சி வந்து தோட்டங்களைக் கொன்றது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டும் முறை வந்தும் பழைய பரப்பு திரும்பவில்லை. இளைஞர்கள் பட்டணம் நோக்கி நடந்தார்கள். முதல் உலகப் போர் இன்னும் பல பேரைக் கொண்டுபோயிற்று. லோத் மாவட்டத்தில் 1851-இல் ஏறத்தாழ 2,96,000 பேர் இருந்தார்கள். 1954-இல் ஒன்றரை லட்சம்கூட இல்லை. ஆக, 1946-இல் நாம் பார்க்கும் 208 விவசாயிகள் பழைய கூட்டத்தில் மிஞ்சியவர்கள்தான்.

1946-இல் ஒரு குடும்பம்

அந்த மிஞ்சியவர்களின் வாழ்க்கை சொகுசானது அல்ல. ஏரில் காளையும் கட்டினார்கள், கறவைப் பசுவையும் கட்டினார்கள். காலையில் உழுத பசு மாலையில் எவ்வளவு பால் தரும் என்பதை மாடு வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறி சூப்பு, பன்றிக் கொழுப்பு இவைதான் சாப்பாடு. குளிர்காலத்தில் ஒரு பன்றி அறுத்தால் அதை உப்பிட்டு ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வார்கள். பட்டணத்தில் ரொட்டிக்கு ரேஷன் இருந்த காலம் அது. 1949 வரை அந்த ரேஷன் நீடித்தது. கிராமத்தில் பட்டினி இல்லை, அவ்வளவுதான்.

ரொக்கப் பணம் பார்க்க வைத்தது புகையிலை. புகையிலை அங்கே அரசாங்கத்தின் ஏகபோகம். அனுமதி பெற்றவர்தான் நடலாம். அதிகாரிகள் வயலுக்கு வந்து செடிகளை எண்ணுவார்கள். அது போதாது என்று இலைகளையும் எண்ணுவார்கள். எண்ணிய இலை பிறகு கணக்கில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். தொல்லைதான். ஆனாலும் விளைந்ததை அரசாங்கமே எடுத்துக்கொள்ளும், விலையும் முன்கூட்டியே தெரியும் என்பதால் சிறு விவசாயிகள் அதை விடவில்லை. குளிர்கால மாலைகளில் அக்கம் பக்கத்தார் ஒரே வீட்டில் கூடி அக்ரூட் உடைப்பார்கள். கதையும் நடக்கும், வேலையும் நடக்கும். அந்தப் பருப்பில் ஆட்டிய எண்ணெய்தான் சமையலுக்கு.

பெண்களின் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் சுமப்பது, ஆற்றங்கரையில் முழந்தாளிட்டுக் குளிர்ந்த நீரில் துணி அடிப்பது, கோழி, வாத்து, பன்றி பராமரிப்பு, புகையிலை இலையைத் தரம் பிரித்துக் கட்டுவது, இவ்வளவும் அவர்கள் தலையில். நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் 1946-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபதுக்கு மேல் ஒரு வயது நிரம்பும் முன் இறந்தன. 1975-இல் அது 14 ஆகக் குறைந்தது. துவைக்கும் இயந்திரம் பூஜ்யத்திலிருந்து 180 ஆனதை ஆடம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது. 180 பெண்களின் முதுகெலும்பு நிமிர்ந்தது என்றே அதைப் படிக்க வேண்டும். பழைய வாழ்வு தங்கமானது என்று பாடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆற்றில் துணி துவைத்தவர்கள் அல்லர்.

கணக்கில் ஒரு முடிச்சு

முன்னேற்றம் உண்மை. அதை மறுப்பதற்கு இல்லை. ஆனால் அந்த முன்னேற்றம் எதனால் வந்தது என்பதில்தான் தகராறு. 155 பேர் ஏரை விட்டுப் போனதால் ஊர் செழித்தது என்று இந்தக் கணக்கைப் படிப்பவர்கள் ஓர் எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலை செய்வோர் 279 பேராக இருந்தபோது ஊரில் 534 பேர். வேலை செய்வோர் 215 ஆகக் குறைந்தபோது ஊரில் 670 பேர். உழைக்கும் கை குறைந்திருக்கிறது, சாப்பிடும் வாய் கூடியிருக்கிறது, அப்படியும் ஊர் முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது. மிச்சமிருந்த 53 பேரின் டிராக்டர் உழவால் மட்டும் இது நடக்காது.

விடை ஊருக்கு வெளியே இருந்து வந்த பணத்தில் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு விவசாயிகளுக்கு முதுமைக்கால ஓய்வூதியம் கொண்டுவந்தது. 1961-இல் விவசாயக் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு வந்தது. 1962-இல் இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். வயதான விவசாயி தமது நிலத்தை விட்டுக் கொடுத்து, அது வேறொரு விவசாயியின் நிலத்தோடு சேர்ந்தால், அவருக்கு ஆயுள் உள்ளவரை ஒரு தொகை தனியாகக் கொடுத்தார்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நில நிறுவனங்களுக்கு விற்பனைக்கு வரும் விவசாய நிலத்தை முந்திக்கொண்டு வாங்கும் உரிமையும் விரைவில் கிடைத்தது. வாங்கிய நிலத்தை அவை விவசாயிகளுக்கே திருப்பி விற்றன. பட்டணத்துப் பணக்காரர் வந்து வளைத்துப் போட அவ்வளவு எளிதில் இடம் கிடைக்கவில்லை.

மகன்களுக்கோ அந்த முப்பது ஆண்டுகளில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ரயில்வே, தபால் ஆபீஸ், மின்சார இலாகா, தொழிற்சாலை என்று எங்கும் ஆள் எடுத்தார்கள். காவோரில் வேலை பார்த்துக்கொண்டு துவெலில் குடியிருக்க முடிந்தது. 280 கார்களின் ரகசியம் அதுதான்.

ஆகவே அந்த 155 பேரில் பெரும்பாலோர் விரட்டப்பட்டுத் தெருவில் நின்றவர்கள் அல்லர். முதியவருக்குத் திண்ணையும் ஓய்வூதியமும், இளையவருக்கு மாதச் சம்பளமும் காத்திருந்தன. உட்கார ஓர் இடம் இருந்ததால் எழுந்தார்கள். இந்தப் பாதியை மறைத்துவிட்டு, எழுந்ததை மட்டும் எடுத்துச் சொல்லி, மற்ற நாட்டுச் சிறு விவசாயியைப் பார்த்து "நீயும் எழுந்திரு" என்பது கணக்கு அல்ல, கண்கட்டு. அப்படி ஓய்வூதியம் கிடைத்தும் அது தாராளமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். முழுக் காலமும் விவசாயத்தில் உழைத்தவரின் ஓய்வூதியம் குறைந்தபட்சக் கூலியில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2020-இல்தான். கணவரோடு சேர்ந்து உழைத்த மனைவியருக்கு உயர்வு தரும் சட்டம் அதற்கும் அடுத்த ஆண்டு, 2021-இல் வந்தது. பணக்கார தேசத்திலும் குடியானவரின் முறை கடைசியில்தான் வருகிறது.

நாற்பது டிராக்டர்

53 விவசாயிகளுக்கு 40 டிராக்டர் என்பதையும் சும்மா விட்டுவிட முடியாது. எருதுகளோடு ஒப்பிட்டால் டிராக்டர் வரம்தான். ஆனால் எருது புல்லைத் தின்று சாணம் போட்டது. டிராக்டர் எண்ணெயைக் குடித்து வங்கிக்கு வட்டி போட்டது. பத்து ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் திராட்சையும் கோதுமையும் வைத்திருப்பவருக்கு ஆண்டில் எத்தனை நாள் டிராக்டர் ஓடும்? மற்ற நாட்களில் அது கொட்டகையில் நின்று கடனைத்தான் வளர்க்கும்.

இத்தனைக்கும் இயந்திரத்தைப் பல பேர் சேர்ந்து வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தும் கூட்டுறவு அமைப்புக்குப் பிரான்சில் 1945-லேயே சட்டம் இருந்தது. அந்த அமைப்புகள் இன்றும் ஆயிரக்கணக்கில் இயங்குகின்றன. ஆனால் அவற்றில் சேர்ந்தவர்கள்கூட டிராக்டரை மட்டும் வீட்டுக்கு ஒன்றாகத் தனியே வாங்கி நிறுத்துவதையே பெரும்பாலும் விரும்பினார்கள். மழை மேகம் கூடும் நாளில் இயந்திரம் தன் கையில் இருக்க வேண்டும் என்ற பயம் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறதே என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்துக்கு எந்த நாட்டிலும் மருந்து கிடையாது.

நின்றவர்கள் எதைப் பிடித்து நின்றார்கள்?

போனவர்கள் கதை ஒரு பக்கம் இருக்க, நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்பதுதான் சிறு விவசாயிக்கு அதிகம் தேவையான செய்தி. துவெலுக்கு அடுத்த ஊர் பர்னாக். அங்கே 1947-ஆம் ஆண்டு காவோர்ப் பகுதித் திராட்சை விவசாயிகள் கூட்டுறவு ரச ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் தமக்குத் தெரிந்தபடி ரசம் இறக்கி, வந்த வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய சரக்கு நன்றாக இருக்கும், இன்னொருவருடையது புளித்துவிடும். மொத்தத்தில் ஊர்ப் பெயர் கெடும். இப்படிப்பட்ட கூட்டுறவு ஆலையில் நடைமுறை எளிது. அறுத்த பழத்தை வண்டியோடு கொண்டுவந்தால் எடை போடுவார்கள், பழத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பார்கள். எடைக்கும் தரத்துக்கும் ஏற்பக் கணக்கு எழுதி, ரசம் விற்க விற்கத் தவணைகளில் பணம் தருவார்கள். பழம் தனித்தனி, பீப்பாய் பொது.

ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சோதனை வந்தது. 1956 பிப்ரவரியில் அடித்த உறைபனியில் கொடிகள் வேரோடு கருகின. ஓர் ஆண்டு மகசூல் போனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், கொடியே போனால் புதுக் கொடி நட்டுப் பலன் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அநேகமாக எல்லாத் தோட்டங்களையும் புதிதாக நட வேண்டி வந்தது. அப்போது அந்த விவசாயிகள் செய்த ஒரு காரியம் மெச்சத் தக்கது. எது அதிகம் காய்க்குமோ அதை நடாமல், அந்த மண்ணுக்கே உரிய பழைய இனமான மால்பெக்கை நட்டார்கள். அங்கே அதற்குக் கோத் என்று பெயர். நிறம் கறுப்பாக இறங்கும் ரசம் அது. அந்தப் பிடிவாதத்துக்குப் பலனாக 1971-இல் "காவோர்" என்ற பெயருக்கு அரசாங்கப் பாதுகாப்பு கிடைத்தது. குறித்த எல்லைக்குள் விளைந்து, குறைந்தது 70 சதவீதம் மால்பெக் சேர்ந்தால்தான் அந்தப் பெயரைப் புட்டியில் ஒட்டலாம். வேறு மாவட்டத்துப் பெரும் பண்ணைக்காரர் எவ்வளவு மலிவாக விளைவித்தாலும் அந்தப் பெயரைத் தொட முடியாது.

1975-இல் துவெலில் எண்ணப்பட்ட 53 பேருக்குப் பின்னால் இப்படி ஒரு பொதுப் பீப்பாயும் ஒரு காப்புப் பெயரும் இருந்தன. டிராக்டர் வாங்கியதால் மட்டும் நின்றார்கள் என்றால், டிராக்டர் வாங்கியும் நிலத்தை விட்ட பல்லாயிரம் பேரின் கதையை விளக்க முடியாது.

நிலம் கொடுத்த விலை

மனிதர் கணக்கில் ஏறாத செலவு ஒன்று நிலத்தில் விழுந்தது. உறைபனிக்குப் பிறகு நட்ட புதிய தோட்டங்கள் பெரும்பாலும் டிராக்டர் போகக்கூடிய மேட்டு நிலத்துக்கும் பள்ளத்துக்கும் இறங்கி வந்துவிட்டன. சரிவுகளில் தாத்தாக்கள் அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே இயந்திரம் திரும்ப இடம் இல்லை. கைவிட்ட இடத்தில் முதலில் முள் வந்தது, பிறகு குட்டை ஓக் வந்தது. வேர் கல்லைத் தள்ளிச் சுவர் சரிந்தது. மேலே பீடபூமியில் ஆடு குறையக் குறைய மேய்ச்சல் நிலம் புதரடைந்தது. கோடையில் காய்ந்த புதர் தீக்கு விருந்து.

ஓக் மர வேரடியில் மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் என்ற விலை உயர்ந்த காளான் இந்தப் பகுதியின் தனிச் செல்வம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் காளான் இப்போது சில பத்து டன்கள்தான். காடு அடர்ந்து தரையில் வெயில் படாமல் போனது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆள் குறைந்தால் காடு பெருகும், காடு பெருகினால் எல்லாம் நன்மை என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ஆடு மேய்ந்து, கவை வெட்டி, மனிதர் நடமாடியதால்தான் அந்த நிலம் கொடுத்துக்கொண்டிருந்தது.

முப்பதுக்குப் பிறகு

ஃபுராஸ்தியேயின் கணக்கு 1975-இல் நின்றுவிட்டது. நாட்கள் நிற்கவில்லை. பிரான்சில் 1955-இல் 23 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3 லட்சத்து 90 ஆயிரம். சராசரிப் பண்ணையின் அளவு 69 ஹெக்டேர், அதாவது 170 ஏக்கர். சிறியவை போய்ப் பெரியவை வந்தால் விவசாயி நிம்மதியாக இருப்பார் என்றல்லவா சொன்னார்கள்? 2023 நவம்பரில் துவெலுக்குத் தெற்கே உள்ள தார்ன் மாவட்டத்து விவசாயிகள் ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். 2024 ஜனவரியில் நாடு முழுவதும் டிராக்டர்கள் நெடுஞ்சாலைகளை மறித்து நின்றன. 170 ஏக்கர்க்காரரும் விலை கட்டவில்லை, கடன் அடையவில்லை என்று நடுரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. 2020 கணக்கெடுப்பின்படி பண்ணை நடத்துவோரில் 43 சதவீதம் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பிறகு நிலத்தை யார் எடுப்பார் என்பது அந்த நாட்டு அரசாங்கத்துக்கே பெரிய கவலை.

காவோர்த் திராட்சைக்காரர்களுக்குத் தனிக் கவலை. 1960-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 120 லிட்டருக்கு மேல் திராட்சை ரசம் குடித்தார். இப்போது 40 லிட்டரை ஒட்டித்தான். குடியைக் குறைத்தது உடம்புக்கு நல்லதுதான், கொடி வளர்த்தவருக்கு அது சந்தைச் சுருக்கம். 2024 ஏப்ரலில் துளிர்விட்ட நேரத்தில் உறைபனி மீண்டும் அடித்துக் காவோர்ப் பகுதியின் விளைச்சலில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. குளிர்காலம் சூடாகிவிட்டதால் கொடி முன்கூட்டியே துளிர்க்கிறது, துளிர்த்த பிறகு வரும் ஓர் இரவுப் பனி போதும். உதவித்தொகை வாங்கிக்கொண்டு கொடியைப் பிடுங்கி எறிய முன்வருவோர் இப்போது பிரான்சின் பல பகுதிகளிலும் இருக்கிறார்கள்.

பொதுப் பீப்பாயும் காப்புப் பெயரும் இருந்தும் இந்த நிலையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே பயிரில் கால் ஊன்றியதன் விளைவு அது. 1946-இல் கோதுமை, புகையிலை, அக்ரூட், ஆடு, பன்றி, திராட்சை என்று ஆறு கால் இருந்தன. ஒன்று ஒடிந்தால் மற்றவை தாங்கின, ஆனால் எதுவும் வயிற்றுக்கு மேல் தரவில்லை. பிறகு வந்த திராட்சை காசு தந்தது, தாங்குவதற்குத் துணையில்லாமல் போயிற்று. பழைய ஆறு காலையும் புதிய பொதுப் பீப்பாயையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழி இருந்திருக்கும். அந்த முப்பது ஆண்டுகளில் அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தனிப்பயிர், தனி டிராக்டர், பெரிய பரப்பு என்றுதான் அதிகாரிகளும் வங்கியும் சொல்லிக் கொடுத்தார்கள்.

துவெலில் இன்று ஏறக்குறைய எண்ணூறு பேர் வசிக்கிறார்கள். வெறிச்சோடிய ஊர் அல்ல. ரசப் பீப்பாய் ஏற்றிய படகுத் துறையில் கோடைக்காலத்தில் உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. சுற்றுலா வருவோர் ஆற்று வளைவையும் கற்சுவரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வட்டாரத்துப் புறாக் கோபுரங்கள் பலவற்றில் இப்போது புறா இல்லை. ஏணியை எடுத்துவிட்டுப் படிக்கட்டும் கட்டிலும் போட்டு, விருந்தினருக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.